நீல ஒளியால் புரதங்களைப் பிணைப்பது எப்படி?

புரதத்தோடு இரசாயனம் செய்கிறவர்களுக்கு வெப்பம் உதவாது. தாக்கத்தை விரைவாக்கச் சூடேற்றினால், தாக்கம் முடியுமுன் புரதம் அவித்த முட்டையாய்த் திரண்டுவிடும். புறஊதாக் கதிரும் சரிவராது. ரைரோசின், ட்ரிப்டோபன் ஆகிய அமினோ அமிலங்கள் 280 நானோமீற்றர் அளவில் அதைத் தாமே உறிஞ்சிச் சேதப்படும். நீல ஒளியின் கதை வேறு. நிறமற்ற புரதக் கரைசலுக்கு ஊடாக அது அப்படியே போய்விடும். உறிஞ்சுவது நாங்கள் சேர்க்கும் ஊக்கி மட்டுந்தான். 452 நானோமீற்றர் ஒளியில் ஒரு மூல் போட்டனுக்கு ஏறத்தாழ 265 கிலோயூல் சக்தி உண்டு. அந்தச் சக்தி முழுக்கரைசலையும் சூடாக்காமல் ஊக்கியிலிருந்து ஒரு இலத்திரனை வெளியேற்றப் பயன்படுகிறது.

இந்த முறையில் ஒளியும் ஒரு இரசாயனப் பொருள். எவ்வளவு, எப்போது, எவ்வளவு நேரம் என்று அளந்து சேர்க்கவேண்டும். தோல்விகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஊக்கியில் பிழையிருக்காது. வேண்டாத நேரத்தில் யன்னலால் வந்த வெளிச்சம், அல்லது புரதக் கரைசலில் கவனிக்காமல் விட்ட ஒரு தாழ்த்தி (இலத்திரன் கொடுக்கும் பொருள்), இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலில் பழக உகந்தது, 1999 இல் ஃபான்சி, கொடடெக் இருவரும் வெளியிட்ட பிணைப்பு முறை. ட்ரிஸ்பைபிரிடைல் ரூத்தேனியம் என்ற செம்மஞ்சள் நிறச் சேர்வை நீல ஒளியை உறிஞ்சி அருட்டப்படும். பக்கத்தில் நிற்கும் பேர்சல்பேற்று அயன் அதிலிருந்து ஒரு இலத்திரனைப் பறிக்கும். மிஞ்சுவது ரூத்தேனியம்(3), அது வலிமையான ஒட்சியேற்றி. அது புரதத்தின் மேற்பரப்பிலுள்ள ரைரோசினிலிருந்து ஒரு இலத்திரனை எடுத்து அதைச் சுயாதீன மூலிகமாக்கும், அதாவது சோடியில்லாத இலத்திரன் ஒன்றோடு விடும். அருகே ஒட்டிநிற்கும் மற்றப் புரதத்தின் ரைரோசினோடு அந்த மூலிகம் சேர்ந்தால் காபன்-காபன் பிணைப்பு உண்டாகும். கொதிக்கவைத்தாலும், புரதத்தை விரிக்கும் சவர்க்காரமான எஸ்.டி.எஸ். சேர்த்தாலும் அது பிரியாது. எந்தப் புரதம் எதோடு சோடி சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி குறைவு. எல்லாம் சில செக்கன்களில் முடிந்துவிடும். ஒட்சிசனை வெளியேற்ற வேண்டியதும் இல்லை, ஏனென்றால் இந்தச் செறிவில் பேர்சல்பேற்று அதை முந்திக்கொள்ளும்.

ஒளிப்பெட்டி

ஆரம்பகால ஆய்வுகளில் 150 முதல் 200 வாற் வெள்ளொளி விளக்கும், நேரத்தைக் கட்டுப்படுத்தக் கமராவின் மூடுதிரையும் பாவித்தார்கள். இழை விளக்கு முழு ஒளிக்கு வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதால் மூடுதிரை தேவைப்பட்டது. எல்.ஈ.டி. போட்டவுடன் எரியும், நிறுத்தியவுடன் அணையும். ஆகவே ஆளி ஒன்றே போதும்.

கோயில் திருவிழாச் சோடனைக்கு விற்கும் 12 வோல்ற் நீல எல்.ஈ.டி. நாடா நல்லது. மீற்றருக்கு 60 விளக்குள்ள பெரிய வகையாகப் பார்த்து எடுங்கள். மீற்றருக்கு ஏறத்தாழ 14 வாற் இழுக்கும். பல நிறம் மாறும் நாடாவை வாங்கினால் நீலச் சில்லு மட்டுமே வேலை செய்யும், மிச்சம் வீண். நாடாக்களின் நீலம் பெரும்பாலும் 460 முதல் 470 நானோமீற்றருக்குள் இருக்கும். ரூத்தேனியத்தின் உச்சி 452 இல் இருந்தாலும் அது அகலமான உச்சி என்பதால் குறையில்லை.

10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வெறும் பால்மா ரின் ஒன்றின் உட்சுவரில் நாடாவைச் சுற்றி ஒட்டுங்கள். ஒரு மீற்றர் நாடா மூன்று சுற்று வரும். மின்னோட்டம் 1.2 அம்பியர் அளவில் இருக்கும் என்பதால் 2 அம்பியர் அடாப்ரர் போடுங்கள். 1 அம்பியர் அடாப்ரர் சூடாகி வோல்ற்றளவு இறங்கும், ஒளியும் மங்கும். வெட்டிய முனையின் செம்பு ரின்னில் தொடாமல் இன்சுலேற்றிங் ரேப் ஒட்டவேண்டும். மூடியின் நடுவே ரியூப் இறங்கும் அளவுக்கு ஒரு துளை போட்டால், ரியூப் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தொங்கும். இதை அலட்சியம் பண்ணவேண்டாம். ரியூப் சுவர்ப்பக்கம் சாய்ந்தாலே அதற்குக் கிடைக்கும் ஒளி மாறிவிடும். பிறகு 5 செக்கன் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதில் பொருளில்லை.

அடியில் கணினிக் காற்றாடி ஒன்று பொருத்தினால் நல்லது. சில செக்கன் வேலைக்கு அது தேவையில்லை. மணிக்கணக்கான வேலைக்கு, அதுவும் வெளியே 32 பாகை கொதிக்கிற சித்திரை மாதத்தில், கட்டாயம் தேவை. ரியூப்பில் வெறும் தண்ணீர் விட்டு 10 நிமிடம் ஒளியூட்டி வெப்பமானியால் ஒருமுறை பாருங்கள். 37 பாகையைத் தாண்டினால் காற்றோட்டம் போதாது.

12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஆனால் நேரே பற்றரியில் கொடுக்கும்போது ஒளியின் செறிவு அடாப்ரரில் உள்ளதுபோல் இராது. ஒரே தொடர்ப் பரிசோதனையின் பாதியை அடாப்ரரிலும் பாதியைப் பற்றரியிலும் செய்யவேண்டாம்.

எரியும் ரின்னுக்குள் எட்டிப் பார்க்கவேண்டாம். நீல ஒளி விழித்திரைக்குக் கூடாது. செம்மஞ்சள் கண்ணாடி போடுங்கள்.

பெட்டி வேலை செய்கிறதா என்று புரதத்தை வீணாக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு. 0.5 மூலர் சல்பூரிக்கமிலத்தில் 0.1 மில்லிமூலர் ரூத்தேனியம், 5 மில்லிமூலர் பேர்சல்பேற்று வரும்படி கலந்து ஒளிக்குக் காட்டுங்கள். செம்மஞ்சள் மறைந்து, வெள்ளைத் தாளை வைத்துக் கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மங்கிய பச்சை வரும். அதுதான் ரூத்தேனியம்(3). இருட்டில் வைத்த சோடி ரியூப் செம்மஞ்சளாகவே இருக்கவேண்டும். நிறம் மாற எடுத்த நேரத்தை ரின்னின் மேலேயே எழுதிவையுங்கள். நாடா பழுதாகி ஒளி குறைந்தால் இந்த நேரம் நீளும்.

இருட்டு

யாழ்ப்பாணத்து மத்தியான வெயில் யன்னலால் வந்து விழும் மேசையில் இந்தத் தாக்கம் ஆளியைப் போடமுன்னரே தொடங்கிவிடும். ஊக்கியும் பேர்சல்பேற்றும் ஒரே ரியூப்பில் சேர்ந்த கணத்திலிருந்து சிவப்பு வெளிச்சம் மட்டும் இருக்கலாம். 630 நானோமீற்றர் சிவப்பை ரூத்தேனியம் ஏறத்தாழ உறிஞ்சாது. யன்னலுக்குச் சிவப்புச் செலோபேன் தாள் இரண்டு மடிப்பு, மேசைக்கு ஒரு சிவப்பு எல்.ஈ.டி. குமிழ் போதும். முழு அறையையும் மறைக்க முடியாவிட்டால் பெரிய காட்போட் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து அதற்குள் கை விட்டுச் செய்யலாம். கைத்தொலைபேசித் திரையின் வெளிச்சத்தில் நீலம் நிறைய உண்டு என்பதை மறக்கவேண்டாம்.

கரைசல்கள்

கிணற்றுத் தண்ணீரைப் பற்றி முதலில். குடாநாட்டின் சுண்ணக்கல் நீரில் கல்சியம் அதிகம். பொஸ்பேற்றோடு சேர்ந்து கலங்கும். கடைகளில் விற்கும் வடிகட்டிய குடிநீரும், பி.எச். மாறாமல் வைத்திருக்கும் தாங்கற் கரைசலுக்குப் போதாது. காய்ச்சி வடித்த நீரோ அயன் நீக்கிய நீரோ வேண்டும். பெற்றோல் நிலையத்தில் வாங்கும் பற்றரித் தண்ணீர் போத்தல் கழுவ உதவும், அவ்வளவுதான்.

தாங்கற் கரைசல் 10 மில்லிமூலர் சோடியம் பொஸ்பேற்று, பி.எச். 7.4. 0.2 மூலர் இருசோடியம் உப்பில் 81 பங்கும் ஒருசோடியம் உப்பில் 19 பங்கும் கலந்து 20 மடங்கு ஐதாக்கிப் பி.எச். மானியால் சரிபாருங்கள். பொற்றாசியம் உப்பைப் பாவிக்கவேண்டாம். பின்னால் எஸ்.டி.எஸ். சேர்க்கும்போது பொற்றாசியம் டொடெசில் சல்பேற்று வெள்ளையாய்ப் படிந்து, புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லைக் கெடுக்கும்.

ரூத்தேனியம் ஊக்கி 1 மில்லிமூலர். ஆறு நீர் மூலக்கூறுகளோடு வரும் குளோரைட்டு உப்பின் மூலக்கூற்று நிறை 748.6, 10 மில்லிலீற்றருக்கு 7.5 மில்லிகிராம். தாங்கற் கரைசலில் கரைத்து, துகள் ஒன்றும் இல்லாமல் குலுக்கி, அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

அமோனியம் பேர்சல்பேற்று 20 மில்லிமூலர். 10 மில்லிலீற்றருக்கு 45.6 மில்லிகிராம். அன்றன்று கரையுங்கள். ஜெல் வார்க்க வைத்திருக்கும் போத்தலே போதும், ஆனால் எங்கள் ஈரக்காற்றில் திறந்து திறந்து மூடிய பழைய போத்தல் வலுவிழந்திருக்கும். அந்தப் போத்தலால் வார்த்த ஜெல் இறுகச் சுணங்கினால் அதை இங்கேயும் நம்பவேண்டாம்.

தாக்கத்தை நிறுத்த 1 மூலர் டைதயோதிரைற்றோல், அதாவது மில்லிலீற்றருக்கு 154 மில்லிகிராம். சிறு பங்குகளாக உறையவைக்கலாம்.

புரதத்துக்கு, பழகும் கட்டத்தில், குளுட்டத்தயோன் எஸ்-ட்ரான்ஸ்பெரேசு மிக நல்லது. பக்ரீரியாவில் எளிதாக ஆக்கலாம். ஒன்று 26 கிலோடால்ற்றன். கரைசலில் எப்போதும் சோடியாய் நிற்கும். பிணைந்தால் ஜெல்லில் 52 அளவில் புதுப் பட்டி ஒன்று தெளிவாய் வரும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இந்தப் புரதத்தைச் சுத்திகரிக்கும் நிரலிலிருந்து இறக்குவதே குளுட்டத்தயோன் கரைசலால்தான், அதுவோ தயோல், அதாவது கந்தக-ஐதரசன் கூட்டமுள்ள தாழ்த்தி. அந்தக் குளுட்டத்தயோன் மூலிகங்களையெல்லாம் விழுங்கிவிடும், பிணைப்பு ஒன்றும் நடக்காது. தாங்கற் கரைசலுக்கு எதிராக இரண்டு தடவையாவது கூழ்பிரித்து, அதாவது டயலிசிஸ் செய்து, அதன்பிறகு 20 மைக்ரோமூலருக்குக் கொண்டுவாருங்கள். அது மில்லிலீற்றருக்கு 0.52 மில்லிகிராம்.

செய்முறை

தெளிந்த 0.2 மில்லிலீற்றர் பி.சி.ஆர். ரியூப்பில் புரதம் 18 மைக்ரோலீற்றர். சிவப்பு வெளிச்சத்தில் ஊக்கி 1 மைக்ரோலீற்றர் விட்டுக் கலக்குங்கள். அடுத்த பிப்பெற்றில் டைதயோதிரைற்றோல் 1 மைக்ரோலீற்றரை இப்போதே உறிஞ்சிப் பக்கத்தில் தயாராய் வையுங்கள். ஒளி அணைந்த பிறகு நுனி மாற்றித் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கடைசியாகப் பேர்சல்பேற்று 1 மைக்ரோலீற்றர் விட்டு, இரண்டு மூன்று தடவை மெதுவாய் உறிஞ்சி இறக்கிக் கலந்து, குமிழி இல்லாமல் அடியில் சேர்த்து உடனே ஒளிப்பெட்டிக்குள் விடுங்கள். இருட்டிலேயே பேர்சல்பேற்று மெதியோனினையும் சிஸ்டீனையும் மெதுவாய் ஒட்சியேற்றும், ஆகையால் தாமதிக்கக்கூடாது. இறுதியில் ஊக்கி 50 மைக்ரோமூலர், பேர்சல்பேற்று 1 மில்லிமூலர். இந்த 1:20 விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆளியைப் போட்டு, எண்ணி, நிறுத்தி, உடனே டைதயோதிரைற்றோலை விட்டுக் கலக்குங்கள். பிறகு வழமையான எஸ்.டி.எஸ். சாயக்கரைசல், 95 பாகையில் 5 நிமிடம், 12 வீத ஜெல்.

எத்தனை செக்கன் என்பது உங்கள் ரின்னைப் பொறுத்தது. 0, 1, 2, 5, 10, 30 செக்கன் என்று ஆறு ரியூப் வைத்து முதல்நாள் ஒரு ஜெல் ஓட்டுங்கள். கையால் ஆளி போட்டு ஒரு செக்கனைச் சரியாய்ப் பிடிக்க முடியாது. ஒரு செக்கனிலேயே முழுதும் பிணைகிறது என்றால் நாடாவில் ஒரு சுற்றைக் குறைத்து, 5 முதல் 10 செக்கனில் வேலை முடியும்படி மாற்றுவதே புத்தி.

ஒப்பீட்டு ரியூப்கள் இல்லாத ஜெல்லை ஒருவருக்கும் காட்டவேண்டாம். தனிப் புரதம், எல்லாம் உண்டு ஒளி இல்லை, ஒளி உண்டு ஊக்கி இல்லை, ஒளி உண்டு பேர்சல்பேற்று இல்லை, எல்லாம் உண்டு. இந்த ஐந்தில் மிகவும் பேசுவது இரண்டாவது. அதில் 52 பட்டி தெரிந்தால் உங்கள் இருட்டு இருட்டில்லை.

ஜெல்லை வாசித்தல்

புதுப் பட்டி ஒன்றும் இல்லாவிட்டால் முதலில் தயோலைச் சந்தேகியுங்கள், பிறகு பழைய பேர்சல்பேற்றை. இரண்டும் சரியென்றால் புரதத்தின் வரிசையைப் பாருங்கள். மேற்பரப்பில், அதுவும் இரண்டு புரதம் தொடும் இடத்துக்குக் கிட்ட, ரைரோசின் இல்லாத புரதம் எவ்வளவு ஒளி கொடுத்தாலும் நன்றாய்ப் பிணையாது.

கிணற்றடியில், அதாவது ஜெல்லின் மேல்விளிம்பில், சாயம் அப்பிக்கொண்டு நின்றால் ஒளி கூடிவிட்டது. நேரத்தைக் குறையுங்கள், ஊக்கியைக் குறைப்பது அடுத்தது. தனிப்பட்டி அகலமாகி, கொஞ்சம் கீழே இறங்கினாற்போல் தெரிவதைப் புரதம் உடைந்ததாக எடுக்கவேண்டாம். ஒரே சங்கிலிக்குள்ளேயே இரண்டு இடம் பிணைந்தால் அது முழுதாய் விரிய முடியாமல் சற்று வேகமாக ஓடும்.

சோடி சேராத புரதங்களும் செறிவு கூடினால் தற்செயலாய் மோதிப் பிணையும். அப்படியானவை 2, 3, 4 என்று மேலே போகப் போக ஒழுங்காய் மங்கிக்கொண்டு போகும் ஏணியாய்த் தெரியும். உண்மையான சோடியில் இரண்டாம் படி மட்டும் எடுப்பாய் நிற்கும். ஐயமிருந்தால் புரதத்தைப் பத்து மடங்கு ஐதாக்கித் திரும்பச் செய்யுங்கள். மோதலால் வந்தது பெரும்பாலும் மறையும், உண்மைச் சோடி நிற்கும். மூலக்கூற்று நிறையை அளக்கும் நிறைமாலைமானி வசதி கிடைத்தால், ஒரு பிணைப்புக்கு 2 டால்ற்றன் குறைந்திருக்கும். இரண்டு ஐதரசன் போனதன் அடையாளம். 16 கூடினால் அது ஒட்சியேற்றம்.

அதே பெட்டியில் கந்தகம் நீக்கல்

ஒளியின் மற்றப் பயன், புரதத்தை இரசாயன முறையில் துண்டு துண்டாய்த் தொகுப்பதில் வருகிறது. 1994 இல் கென்ற் குழுவினர் வெளியிட்ட இயல்புப் பிணைப்பு முறையில் இரண்டு பெப்தைட்டுகளை (சிறு அமினோ அமிலச் சங்கிலிகளை) ஒட்ட ஒட்டுமிடத்தில் சிஸ்டீன் வேண்டும். புரதங்களில் சிஸ்டீன் அருமை, அலனின் தாராளம். ஆகவே அலனின் இருக்கவேண்டிய இடத்தில் சிஸ்டீனை வைத்து ஒட்டிவிட்டு, பிறகு கந்தகத்தை மட்டும் கழற்றுவார்கள். வழமையாக இதற்கு வெப்பத்தால் பிரியும் தொடக்கி ஒன்றைச் சேர்த்து 37 பாகையில் வைப்பார்கள். ரூத்தேனியமும் நீரில் கரையும் பொஸ்பீனும் நீல ஒளியும் இருந்தால் அந்தத் தொடக்கி தேவையில்லை. தயோல் மூலிகம் பொஸ்பீனோடு சேரும், கந்தகம் பொஸ்பீனோடு போய்விடும், மிஞ்சும் காபன் மூலிகம் இன்னொரு தயோலிலிருந்து ஐதரசனை எடுத்து அலனினாகும். நிறை 32 குறையும்.

பழகுவதற்குக் குளுட்டத்தயோனே போதும்: மலிவு, நிறைமாலைமானியில் 308 இலிருந்து 276 க்கு இறங்குவது தெளிவாய்த் தெரியும். 613 இல் ஏதாவது எழும்பினால் அது இரண்டு குளுட்டத்தயோன் கந்தகப் பாலத்தால் சேர்ந்தது. பொஸ்பீன் தீர்ந்துவிட்டது என்று பொருள். எல்மன் சோதனையால் தயோல் குறைவதைப் பார்க்கலாம் என்று நினைக்கவேண்டாம். பொஸ்பீனே அந்தச் சோதனைப் பொருளைத் தாழ்த்தி மஞ்சளாக்கிவிடும்.

பிணைப்பு முறைக்குச் சொன்ன சலுகை இங்கே இல்லை. ஒட்சிசனை வெளியேற்றியே ஆகவேண்டும். விட்டால் காபன் மூலிகம் ஒட்சிசனைப் பிடித்து அலனினுக்குப் பதில் செரின் வரும். நிறை 32 குறையாமல் 16 குறைந்தால் அதுதான். வெல்டிங் வேலைத்தளங்களுக்கு வரும் ஆர்கனை மெல்லிய ஊசியால் 15, 20 நிமிடம் குமிழவிடுங்கள். புரதத்தை விரித்துக் கரைக்கும் குவானிடின் கலந்த கரைசல் நுரைக்கும், ஆகவே குமிழி மெதுவாய்.

மேலே சொன்ன நீரில் கரையும் பொஸ்பீனான ரிசெப் ஐதரோகுளோரைட்டு உப்பாக வரும், கரைத்தவுடன் கடும் அமிலம். சோடியம் ஐதரொட்சைட்டால் 6.5 க்கும் 7 க்கும் இடையே கொண்டுவந்தபின் பெப்தைட்டைச் சேருங்கள். பொஸ்பேற்றில் அது நாட்பட நிற்காது. பெப்தைட்டுகளை ஒட்டிய முந்திய படியில் ஊக்கியாய்ப் போட்ட அரோமற்றிக் தயோலை முழுதாய் நீக்காவிட்டால் மூலிகச் சங்கிலி அதிலேயே அறுந்துவிடும். இடையில் எங்காவது காப்பாற்றவேண்டிய உண்மைச் சிஸ்டீன் இருந்தால் அதை முன்கூட்டியே காப்புக் கூட்டத்தால் மூடியிருக்கவேண்டும். ஒளிக்கு எது வேண்டிய சிஸ்டீன், எது வேண்டாதது என்று தெரியாது.

பார்மசியில் வாங்கும் உயிர்ச்சத்து பி கூட்டு மாத்திரையை அரைத்து ரைபோபிளேவின் ஊக்கியாய்ப் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். அதிலுள்ள மற்ற உயிர்ச்சத்துகள் குறுக்கே நிற்கும். ரைபோபிளேவினும் ஒளியில் தானே சிதையும்.

அளவைக் கூட்டும்போது ஒளி எவ்வளவு ஆழம் போகும் என்று கணக்குப் பாருங்கள். ரூத்தேனியத்தின் மூலர் உறிஞ்சல் 452 இல் ஏறத்தாழ 14,600. 50 மைக்ரோமூலர் கரைசலில் ஒரு சென்ரிமீற்றர் கடந்தால் உறிஞ்சல் 0.73, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த ஒளிதான் மறுபக்கம் வரும். ஊக்கி 1 மில்லிமூலரானால் 90 வீத ஒளி முதல் 0.7 மில்லிமீற்றருக்குள் தீர்ந்துவிடும். நடுவிலிருக்கும் கரைசல் இருட்டில் கிடக்கும். தாக்கம் பாதியில் நின்றால் ஊக்கியைக் கூட்டுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது நிலைமையை மோசமாக்கும். ஊக்கியைக் குறைத்து, மெல்லிய ரியூப்பாய் மாற்றி, சிறு காந்தத்தால் கலக்குங்கள். அருகிலேயே அலுமினியத் தாள் சுற்றிய சோடி ரியூப் ஒன்று அதே ரின்னுக்குள் இருக்கட்டும். மணிக்கணக்காய் ஓடும் வேலையில், நடந்தது ஒளியாலா ரின்னின் சூட்டாலா என்று அது மட்டுமே சொல்லும். இடையில் கரண்ட் போய்ப் பற்றரியும் இல்லையென்றால் ரியூப்பைத் திறக்காமல் அப்படியே விட்டு, ஒளி இருந்த நிமிடங்களை மட்டும் கூட்டி எழுதுங்கள். ஒளி திரும்பினால் தாக்கம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ரூத்தேனியக் கழிவைச் சிங்கில் ஊற்றவேண்டாம். இங்கே கழிவுநீர்க் குழியிலிருந்து சுண்ணக்கல் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்குத் தூரமில்லை. மூடியுள்ள போத்தலில் சேர்த்துப் பெயரெழுதி, பார உலோகக் கழிவோடு கொடுங்கள். பேர்சல்பேற்று மிச்சம் இருக்கும் கழிவைச் சேதனக் கரைப்பான் போத்தலில் ஒருபோதும் கலக்கக்கூடாது.